இந்த வயதில் எதற்கு?

பட்டிவீரன்பட்டியைக் கடந்து அய்யம்பாளையத்தை நெருங்கும்போது சாலையின் இருபுறமும் தென்னந்தோப்புகள் அடர்ந்து நிற்கும். மேற்கே கீழ்ப்பழனி மலைத்தொடர். மலைமேல் தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டங்களில் உழைத்து, உடல் தளர்ந்தபின் அடிவாரத்துக்கு வந்து, கீற்று முடைந்து காலந்தள்ளும் மூதாட்டியர் அன்று அவ்வூரில் பலர் இருந்தனர். 2005-ஆம் ஆண்டுத் தவக்காலத்தில், அத்தகைய ஒருவருக்கு நோயில்பூசுதல் அளிக்க அழைக்கப்பட்டு நாம் அங்குச் சென்றோம். குருப்பட்டம் பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது.

எழுபத்தைந்து வயதிருக்கும். விடியற்காலையில் கொல்லைக்குச் சென்றவர் துவைகல்லருகே வழுக்கி விழுந்து ஆறு நாள்கள் ஆகியிருந்தன. ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகி, பாதம் வெளிப்புறமாகச் சாய்ந்து கிடந்தது. உள்ளூர் வைத்தியர் முட்டை வெண்கருவும் உளுந்து மாவும் குழைத்துப் பற்றிட்டு, மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தார். இடுப்பு மூட்டில் எலும்பு முறிந்திருக்கிறது, அறுவைச் சிகிச்சை செய்யவேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மகன் நம்மை வாசலுக்கு அழைத்துச் சென்று, தாழ்ந்த குரலில் சொன்னார்: “சாமி, எழுபத்தஞ்சு வயசாச்சு. இந்த வயசுல கத்தி வச்சு எதுக்கு சாமி? மழை இல்லாத வருசத்துக் கடனே இன்னும் அடையலை.”

அவர் கொடியவர் அல்லர். தாய்க்குத் தம் கையால் கஞ்சி ஊட்டியவர். நாம் அவர் தோளைத் தொட்டு, “இறைவனின் திருவுளப்படி ஆகட்டும்” என்றோம். உள்ளே சென்று நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசி, செபித்து, திரும்பிவிட்டோம். நல்லதொரு மேய்ப்புப் பணி ஆற்றிய நிறைவு அன்று நமக்கு இருந்தது.

அம்மூதாட்டி உடனே இறக்கவில்லை. அக்டோபர் வரை கிடையாய்க் கிடந்தார். முதுகிலும் குதிகாலிலும் படுக்கைப் புண்கள் வந்தன. வீட்டில் ஊதுவத்தி ஓயாமல் எரிந்தது. ஒரு முதல் வெள்ளியன்று நற்கருணை கொண்டுசென்றபோது, வீட்டில் வேறொருவரும் இல்லாத நேரத்தில், அவர் நம் கையைப் பற்றிக்கொண்டு சொன்னார்: “சாவுக்கு நான் பயப்படலை சாமி. கொல்லைப் பக்கம் நானா எந்திரிச்சுப் போனாப் போதும்னுதான் இருக்கு. மருமக மொகத்தப் பாக்க முடியலை.”

அவர் கேட்டது நீண்ட ஆயுளை அன்று. இருபது அடி தூரம் பிறர் துணையின்றி நடப்பதை மட்டுமே அவர் வேண்டினார். அவ்விருபது அடியைத்தான் நாம் இறைவனின் திருவுளம் என்னும் சொல்லால் அவரிடமிருந்து பறித்துவிட்டோம் என்பது அன்று நமக்கு உறைத்தது. விழுந்து ஆறு நாள்கள் ஆகியும், பின்னர் நாம் சென்றபோதும், எவரும் அவரிடம் ஒரு சொல் கேட்டிருக்கவில்லை. நாமும் கேட்கவில்லை.

‘இந்த வயதில் எதற்கு?’ என்னும் கேள்வியை அன்றுமுதல் நாம் பல வீடுகளில் கேட்டுவருகிறோம். இது மருத்துவக் கேள்வி போலத் தோன்றும் அறக்கேள்வி. ஆகவே இதனைச் சற்று நிதானமாக ஆராய்வது தகும்.

முதலில் எலும்பைப் பற்றிய செய்தி. தொடை எலும்பின் மேல்நுனி பந்துபோல் உருண்டு இடுப்புக் குழியில் பொருந்தியிருக்கிறது. பந்தையும் தண்டையும் இணைப்பது ஒரு குறுகிய கழுத்து. உடலின் பாரம் சாய்வாக அக்கழுத்தின் வழியாகவே காலுக்கு இறங்குகிறது. பாரத்தைத் தாங்குவதற்கென எலும்பின் உள்ளே மெல்லிய இழைகள் வில்வளைவாக அமைந்துள்ளன. வீட்டுக் கூரையின் கைமரங்களைப் போன்ற அமைப்பு அது. முதுமையில், சிறப்பாக மாதவிடாய் நின்றபின் பெண்களுக்கு, இவ்விழைகள் ஒவ்வொன்றாக மெலிந்து மறைகின்றன. எக்ஸ்ரே படத்தில் இவ்விழைகளைப் பார்த்தே எலும்பின் வலிமையை ஆறு படிகளாக வகுக்கும் முறையை 1970-இல் வெளியிட்டவர்கள் மன்மோகன் சிங் என்னும் எலும்பு மருத்துவரும் அவருடைய தோழர்களுமான நம் நாட்டு மருத்துவர்களே. இன்று எலும்பின் அடர்த்தியை அளக்கும் கருவிகள் நகரங்களில் உள்ளன. எந்த அளவுக்குக் குறைந்தால் அதனை நோயெனக் கொள்வது என்பதை உலக நலவாழ்வு நிறுவனம் 1994-இல் வரையறுத்தது.

வலுவிழந்த எலும்பு முறிவதற்குப் பெரிய விபத்து தேவையில்லை. நின்ற நிலையிலிருந்து பக்கவாட்டில் விழுந்தாலே போதும். கழுத்துப் பகுதியில் எலும்பு முறிந்து விலகும்போது பந்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நுண்குழாய்களும் அறுபடுவதால், வெளியிலிருந்து எத்தனை பத்தை கட்டினும் அது பெரும்பாலும் கூடுவதில்லை. கழுத்துக்குச் சற்றுக் கீழே முறிந்தால், மாதக்கணக்கில் காலுக்கு எடை கட்டி இழுத்துவைத்தால் கூடக்கூடும். ஆனால் அந்த மாதங்களை முதியவரின் உடல் தாங்குவதில்லை. நுரையீரலில் சளி கட்டுகிறது. காலின் இரத்தம் உறைகிறது. புண்ணில் சீழ் பிடிக்கிறது. நல்ல மருத்துவ வசதியுள்ள நாடுகளிலேயே இடுப்பெலும்பு முறிந்த முதியோரில் ஐவரில் ஒருவரோ அதற்கும் மேற்பட்டோரோ ஓராண்டுக்குள் இறக்கின்றனர். முறிந்த எலும்பைவிட, அதனால் நேரும் படுக்கையே பெரும்பாலும் உயிருக்குக் கேடாகிறது.

ஆகவே இங்கு அறுவைச் சிகிச்சையின் முதன்மையான நோக்கம் ஆயுளைக் கூட்டுவதன்று, படுக்கையிலிருந்து எழுப்புவது. அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர் ஸ்மித்-பீட்டர்சன் முறிந்த கழுத்தின் ஊடே உலோக ஆணி செலுத்தி இணைக்கும் முறையை 1931-இல் வெளியிட்டார். ஆஸ்டின் மூர் என்பவர் 1940-இல் எலும்பின் மேற்பகுதிக்குப் பதிலாக உலோகத்தால் ஆன ஒன்றைப் பொருத்தினார். அவர் பெயரால் வழங்கும் உலோகப் பந்து நம் அரசு மருத்துவமனைகளில் நெடுங்காலமாக ஏழை முதியவர்களின் இடுப்பில் பொருத்தப்பட்டு வருகிறது. உடல்நிலை இடங்கொடுத்தால் ஓரிரு நாள்களுக்குள் அறுவை செய்து, மறுநாளே நோயாளியைப் பிடித்து நிறுத்தி அடியெடுத்து வைக்கச் செய்வதே இன்றைய மருத்துவ நெறி. ஆறு நாள்கள் கழித்து எண்ணெய்ச் சிமிழுடன் நாம் போய் நின்றது எத்தகைய காலதாமதம் என்பதை வாசகர் உணரலாம்.

இனி அறக்கேள்விக்கு வருவோம். உயிரைக் காக்க எல்லா வழிகளையும் கையாள மனிதர் கடமைப்பட்டவரா? திருச்சபையின் அறநெறியாளர்கள் இதனைப் பதினாறாம் நூற்றாண்டிலேயே ஆராய்ந்து, இயல்பான வழி, இயல்புகடந்த வழி என்று பிரித்தனர். இயல்பானதைக் கையாளக் கடமையுண்டு; இயல்புகடந்ததை விட்டுவிடலாம், அது தற்கொலை ஆகாது என்றனர். திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1957 நவம்பர் 24-இல் மயக்கமருந்து வல்லுநர்களுக்கு ஆற்றிய உரையில் இதனையே தெளிவாக்கினார். ஆள், இடம், காலம், பண்பாடு ஆகியவற்றின் சூழலுக்கேற்ப, தமக்கோ பிறர்க்கோ பெருஞ்சுமையாகாத வழிகளையே ஒருவர் கையாளக் கடமைப்பட்டவர் என்பது அவருடைய விளக்கம்.

குருமடத்தில் இப்பகுதியைப் பயின்றபோது, இயல்புகடந்த வழிக்கு எடுத்துக்காட்டாக நமக்குச் சொல்லப்பட்டது காலைத் துண்டிக்கும் அறுவை. மயக்கமருந்து இல்லாத காலத்தில் அவ்வேதனையைத் தாங்கும்படி எவரையும் கட்டாயப்படுத்த இயலாது என்று பழைய ஆசிரியர்கள் எழுதினர், அது நியாயமே. ஆனால் 1846-இல் ஈதர் மயக்கம் வந்தது. 1867-இல் லிஸ்டரின் கிருமிநீக்க முறை வெளியாயிற்று. அதே அறுவை வேறொன்றாயிற்று. ஆகவே இயல்பு, இயல்புகடந்தது என்னும் வேறுபாடு கத்தியிலோ ஆணியிலோ இல்லை. இந்த மனிதருக்கு, இந்த இடத்தில், இந்நாளில் அதனால் விளையும் நன்மைக்கும் அது தரும் சுமைக்கும் உள்ள பொருத்தத்தைப் பார்த்தே அது தீர்மானிக்கப்பட வேண்டும்.

இதற்கு ஒரே மனிதரின் வாழ்விலிருந்து இரு நிகழ்ச்சிகளைக் காட்டலாம். 1994 ஏப்ரல் 28-ஆம் நாள் இரவு, திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் குளியலறையில் வழுக்கி விழுந்து வலது தொடையெலும்பின் மேற்பகுதியை முறித்துக்கொண்டார். மறுநாளே உரோமை ஜெமெல்லி மருத்துவமனையில் அறுவை செய்து உலோக மூட்டைப் பொருத்தினர். அவருக்கு அப்போது எழுபத்து நான்கு நிறையச் சில வாரங்களே இருந்தன. அப்போது குருமடத்தில் இருந்த நாம் அனைவரும் அவருடைய நலனுக்காகச் செபித்தோம். ‘இந்த வயதில் எதற்கு?’ என்று நம்முள் எவருக்கும் தோன்றவில்லை. அதன்பின் கைத்தடியின் துணையோடு அவர் மேலும் பதினோர் ஆண்டுகள் பணியாற்றினார். 2005 மார்ச் இறுதியில் அவரது உடல்நிலை மிக மோசமானபோது, மீண்டும் ஜெமெல்லிக்குச் செல்லாமல் தம் இல்லத்திலேயே இருந்து, ஏப்ரல் 2-இல் இறையடி சேர்ந்தார். முன்னதில் மருத்துவத்தை ஏற்றார். பின்னதில் அதன் எல்லையை ஏற்றார். இரண்டும் ஒரே நம்பிக்கையிலிருந்து பிறந்த செயல்கள்.

அந்த 2005-இல்தான் அய்யம்பாளையத்து மூதாட்டியும் படுத்திருந்தார். விழுந்தபோது திருத்தந்தைக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது, ஒரே முறிவு. ஒருவருக்கு இயல்பாகத் தோன்றிய வழி மற்றவருக்கு மிகையாகத் தோன்றியது ஏன்? வயது காரணமன்று. வறுமையும், அதற்கு மேலாக, ‘இவர் எழுந்து நடந்து இனி என்ன ஆகவேண்டும்?’ என்று நாம் மனத்துக்குள் போட்டுக்கொண்ட கணக்கும்தான் காரணம்.

இங்கு ஒரு மறுப்பு எழும்; அது மதிக்கத்தக்க மறுப்பு. ‘பிறர்க்குப் பெருஞ்சுமையாகாத’ என்று திருத்தந்தையே சொல்லியிருக்க, கடனில் மூழ்கிய மகன் அச்சுமையைச் சுட்டியதில் தவறென்ன? பிள்ளைகளின் படிப்பை நிறுத்தித்தான் பாட்டியை நடக்கவைக்க வேண்டுமா?

இம்மறுப்பை நாம் தள்ளிவிட இயலாது. ஆனால் சுமையைக் கணக்கிடுவோர் இரு தட்டுகளையும் பார்க்கவேண்டும். அறுவை செய்தால் வரும் செலவு ஒரு தட்டில். செய்யாவிட்டால் ஏழெட்டு மாதங்கள் ஒரு மருமகள் வேலைக்குப் போகாமல் மலசலம் எடுப்பதும், மருந்துச் செலவும், அந்த வீட்டில் ஒருவர்மீது ஒருவர் கொள்ளும் சலிப்பும் மறுதட்டில். முன்னது ஒரே நாளில் கண்ணுக்குத் தெரிகிறது. பின்னது நாள்தோறும் சிறுகச் சிறுக வருவதால் கணக்கில் ஏறுவதில்லை. பெண்கள் சுமப்பதாலும் அது கணக்கில் ஏறுவதில்லை என்பதை வெட்கத்தோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மேலும், அந்த மகனின் சுமை அவருக்கு மட்டும் உரியதன்று. 2005-இல் ஏழைக் குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு என்பது எட்டாத சொல். 2008-இல் 108 அவசர ஊர்தி தமிழகத்தில் ஓடத் தொடங்கியது. 2009-இல் அரசின் உயிர்காக்கும் காப்பீட்டுத் திட்டமும், 2012-இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் வந்தன. 2021 ஆகஸ்டு முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வழியாக இயன்முறைப் பயிற்சியும் வலிதணிப்புப் பேணுதலும் வீட்டுக்கே வருகின்றன. 2022 சனவரியில் திண்டுக்கல்லிலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. இவை அனைத்தும் எல்லாருக்கும் குறையின்றிக் கிட்டிவிடுகின்றன என்று நாம் சொல்லவில்லை. எனினும் பன்னிரண்டாம் பத்திநாதர் சொன்ன ‘இடம், காலம்’ என்னும் சூழல் இருபது ஆண்டுகளில் மாறியிருக்கிறது. நேற்று அந்தக் குடும்பத்துக்கு இயல்புகடந்ததாக இருந்திருக்கக்கூடியது இன்று இயல்பானதாகியிருக்கலாம். அதனைக் கேட்டறியாமல் பழைய விடையையே சொல்வது நேர்மையாகாது.

‘இந்த வயதில் எதற்கு?’ என்பது தன் போக்கிலேயே விடப்பட்டால் எங்குச் சென்று சேரும் என்பதற்கும் நம் தமிழகத்தில் சான்று உண்டு. தென்மாவட்டச் சிற்றூர்கள் சிலவற்றில் கிடையாய்க் கிடக்கும் முதியோரை எண்ணெய்க் குளியலும் இளநீரும் கொடுத்து இறக்கச் செய்யும் ‘தலைக்கூத்தல்’ என்னும் வழக்கம், 2010-இல் விருதுநகர் மாவட்டத்தில் ஒரு முதியவர் தப்பியோடியபோது செய்தித்தாள்களில் வெளியாயிற்று. அதனைச் செய்தவர்களிலும் பலர் இரக்கத்தின் பெயராலேயே செய்ததாகச் சொன்னார்கள். நம் மக்கள் அதைக் கேட்டுத் திடுக்கிட்டோம். ஆனால் எழுப்பி நிறுத்தக்கூடிய ஒருவரை எழுப்பாமல், புண்ணோடு எட்டு மாதம் கிடத்திவைத்த நாம், அவர்களைவிட எவ்வளவு தொலைவில் நின்றோம்? கொலைக்கும் கைவிடலுக்கும் வேறுபாடு உண்டு. அறநூலில் அது பெரிய வேறுபாடு. படுத்திருப்பவருக்கு அது அவ்வளவு பெரிதாகத் தெரியாமலிருக்கலாம்.

அதற்காக, முறிந்த ஒவ்வொரு இடுப்பையும் அறுக்கவேண்டும் என்று நாம் வாதிடவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் நம் பங்கில் ஒரு பெரியவர் விழுந்தார். அதற்கு முன்பே இரண்டு ஆண்டுகளாக எழுந்து நடமாடாதவர், இதயம் மிகவும் தளர்ந்தவர், நினைவும் மங்கியவர். மயக்கமருந்தையே அவர் உடல் தாங்காது என்று மருத்துவர்கள் கருதினர். மக்கள் கூடிப் பேசி, அறுவை வேண்டாம், வலி தெரியாமல் வைத்திருந்தால் போதும் என்று முடிவு செய்தனர். பக்கம் மாற்றிப் படுக்கவைத்து, வலிக்கு உரிய மருந்து கொடுத்து, முறைபோட்டு அருகில் அமர்ந்திருந்தனர். மூன்று வாரங்களில் அமைதியாக இறந்தார். அங்கு நாம் இறைவனின் திருவுளத்தைப் பற்றிப் பேசியபோது நா கூசவில்லை. அதே ஆண்டில், எண்பதைக் கடந்த ஒரு பாட்டி மூன்றாம் நாளே அரசு மருத்துவமனையில் அறுவை செய்யப்பட்டு, நான்கு கால் நடைத்தாங்கியைப் பிடித்துக்கொண்டு இன்றும் கொல்லைக்கும் திண்ணைக்கும் நடக்கிறார். கோயிலுக்கு வருவதில்லை; நாம் அவரிடம் செல்கிறோம்.

இவ்விரு வீடுகளுக்கும் பொதுவானது, படுத்திருந்தவரை மையமாக வைத்துக் கேள்வி கேட்கப்பட்டது என்பதே. அப்படிக் கேட்பதும் எளிதன்று. விருந்துக்குச் சென்ற வீட்டில் முதல் முறை பரிமாற வரும்போது ‘வேண்டாம்’ என்பது நம் வழக்கம். உண்மையில் வேண்டாமா என்று இரண்டாம் முறை கேட்டால்தான் தெரியும். நம் முதியவர்கள் அறுவைக்குச் சொல்லும் ‘வேண்டாம்’ பெரும்பாலும் இத்தகையதே. மகனின் கடனை நினைத்து, மருமகளின் முகத்தை நினைத்துச் சொல்லப்படுவது. ஆகவே தனியே அமர்ந்து, “எழுந்து நடக்க வழி உண்டு, செலவுக்கும் வழி பார்ப்போம், இதை அறிந்தபின் நீங்கள் என்ன விரும்புகிறீர்கள்?” என்று மீண்டும் கேட்கவேண்டும். அதற்குப் பின்னும் அவர் வேண்டாமென்றால், அது அவருடைய உரிமை. அதனை மதிப்பது நம் கடமை.

அருள்பணியாளர்களாகிய நமக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. முன்பு இவ்வருளடையாளத்தை நம் மக்கள் ‘அவஸ்தைப் பூசுதல்’ என்றனர். எண்ணெய் வந்தால் எல்லாம் முடிந்தது என்பதே பொருள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் இது சாகும் தறுவாயில் இருப்போருக்கு மட்டும் உரியதன்று என்று கூறியது. 1972-இல் திருத்தந்தை ஆறாம் சின்னப்பரின் காலத்தில் புதுப்பிக்கப்பட்ட சடங்குமுறை, கடும்நோய்க்காக அறுவைக்குச் செல்வோருக்கும் தளர்ந்த முதியோருக்கும் இதனை அளிக்கலாம் என்கிறது. பெயர் மாறியும் பொருள் நம் வீடுகளில் முழுதும் மாறவில்லை. அன்று அய்யம்பாளையத்தில் நாம் பூசிய எண்ணெயை அக்குடும்பம் ஒரு தீர்ப்பாகவே ஏற்றுக்கொண்டது. அவசர ஊர்திக்கு முன்னோடியாகச் செல்லவேண்டிய எண்ணெய், அதற்குப் பதிலாகச் சென்றுவிட்டது.

விழுவதற்கு முன்பே செய்யத்தக்கவையும் உண்டு. ஒருமுறை முறிந்தவருக்கு மறுபக்கமும் முறியும் வாய்ப்பு மிகுதி. ஆண்டுக்கு ஒருமுறை நரம்பு வழியே செலுத்தும் சோலெட்ரானிக் அமிலம் என்னும் மருந்து, இடுப்பு முறிந்தவர்களுக்கு நேரும் புதிய முறிவுகளை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைத்ததாக 2007-இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. அம்மருந்தைப் பற்றி மருத்துவரிடம் கேட்கவேனும் வேண்டும். மற்றவை மருந்துக்கடைக்கும் போகாமல் ஆகக்கூடியவை: கேழ்வரகும் பாலும் உணவில் இருத்தல், வெயில் படும்படி சற்று நடத்தல், கண்புரையை நீக்கிக்கொள்ளுதல், இரவில் கொல்லைக்குச் செல்லும் வழியில் ஒரு விளக்கு, பாசி பிடித்த கல்லைத் தேய்த்துவிடல், கழிப்பறைச் சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. நம் அன்பியங்களும் வின்சென்ட் தே பவுல் சபையாரும் இவ்வாண்டு வீடு சந்திக்கும்போது, செபம் முடிந்தபின் கொல்லைப்புறத்தையும் ஒருமுறை பார்த்துவருமாறு கேட்டிருக்கிறோம். இதுவரை சில வீடுகளில் கம்பி பொருத்தியாயிற்று.

தொடக்கநூலில் யாக்கோபு இரவெல்லாம் போராடியபோது தொடைச் சந்து விலகி நொண்டினார். அதே இரவில்தான் ஆசியும் பெற்றார். முதிர்ந்த வயதில் அவர் தம் கோலின்மேல் சாய்ந்துகொண்டு பேரப்பிள்ளைகளுக்கு ஆசி வழங்கியதாக மரபு. நொண்டிய கால் அவருடைய ஆசியைக் குறைத்துவிடவில்லை. ஆனால் சாய்ந்துகொள்ள ஒரு கோல் அவருக்கு இருந்தது.

அந்த மூதாட்டியின் கல்லறைக்குக் கல்லறைத் திருநாளன்று நாம் செல்வதுண்டு. அவருடைய மகனும் வருவார். இப்போது அவருக்கும் அறுபதைக் கடந்துவிட்டது. சென்ற ஆண்டு மந்திரிப்பு முடிந்தபின், “அன்னைக்கு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, எப்படியாவது கூட்டிட்டுப் போயிருப்பேன் சாமி” என்றார். குற்றஞ்சாட்டும் குரல் அன்று. தமக்குத்தாமே சொல்லிக்கொண்டது போலிருந்தது. “சொல்லியிருக்க வேண்டும்” என்றோம். வேறு விடை நம்மிடம் இல்லை. இப்போது நோயில்பூசுதலுக்கு அழைப்பு வந்தால், சிமிழைத் திறக்குமுன் நாம் இரண்டு கேள்விகள் கேட்கிறோம்: எப்போது விழுந்தார்? அவர் என்ன சொல்கிறார்?